திங்கட்கிழமையும் வரும் படகு

கச்சத்தீவு மணலில் நின்றுகொண்டு, யாழ்ப்பாணத்துப் பக்கத்து நெடுந்தீவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் செரிக்காமல் கிடக்கிறது. 2023 மார்ச் 4, சனிக்கிழமை. அந்தோனியார் கோயில் திருவிழாவின் இரண்டாம் நாள். திருப்பலி முடிந்து கொடியை இறக்கிவிட்டார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வந்தவர்கள் படகேற வரிசையில் நின்றோம். முந்தின இரவு வெகுநேரம் அவரோடும் அவர் மனைவியோடும் பேசிக்கொண்டிருந்தேன், அந்தப் பழக்கத்தில் வழியனுப்ப வந்திருந்தார். கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டிருந்த எங்கள் படகைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார்: “தம்பி, நீங்கள் வந்தது அந்த றோலரிலதானே? திங்கட்கிழமையும் அதுதானே வரும்?”

றோலர் என்று அவர் சொன்னது, கடலடியை வாரிக்கொண்டு போகும் வலையான இழுவைமடியை இழுக்கும் எங்கள் விசைப்படகை. நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவர் கேட்டதில் கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் “நாளைக்கும் உங்க மாடு எங்க தோட்டத்துக்கு வருமா?” என்று கேட்பது போலத்தான் கேட்டார். ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் கடல் விஷயத்தில் எனக்கு அதுவரை ஒரு தீர்மானமான கருத்து இருந்தது. நடுவில் போட்ட கோடு வேண்டாத வேலை, பழையபடி போக்குவரத்து திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுவேன், எழுதியும் இருக்கிறேன். அந்தக் கருத்தில் அவர் கைவைத்துவிட்டார்.

தாத்தாவின் கொழும்பு

என் தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். எங்கள் வீட்டில் ‘கொழும்புக்குப் போறது’ என்பது மதுரைக்குப் போவது மாதிரி ஒரு வார்த்தை. ராமநாதபுரத்தில் போட் மெயில் பிடித்தால் தனுஷ்கோடி, அங்கே ரயிலை விட்டிறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், விடிந்தால் கொழும்பு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தொடங்கிய பாதை அது. எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக்கொண்டு கொழும்பு வரை போகலாம் என்பதை தாத்தா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும். என் ‘திறந்த கடல்’ கருத்து அந்த முகத்திலிருந்து வந்ததுதான் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் தாத்தா சொன்ன கதையில் ஒரு இடம் மட்டும் எப்போதும் சுருக்கமாக இருக்கும். மண்டபம். “மண்டபத்துல டாக்டர் பார்ப்பான், கையை நீட்டணும், அவ்வளவுதான்” என்று தாண்டிப் போய்விடுவார். ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளைக்கு அவ்வளவுதான் இருந்திருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகப்பட்ட கூலிகளுக்கு அப்படி இல்லை. பிளேக்கும் காலராவும் கடல் தாண்டி வந்துவிடக் கூடாது என்று இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே நடத்திய முகாம் அது. அவர்களை நாள்கணக்கில் அங்கே நிறுத்திவைத்து, குளிப்பாட்டி, துணிமணிகளை மருந்துப் புகையில் காட்டி, அம்மை குத்திய பிறகுதான் கப்பலேற்றினார்கள். அதே இடத்தில்தான் 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர்பிழைத்து ஓடிவந்தவர்களைத் தங்கவைத்தார்கள். 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அங்கே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆக, தாத்தா காலத்திலும் கடல் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கவில்லை. சம்பளக்காரன் கையை நீட்டிவிட்டுப் போனான், கூலிக்காரன் கம்பிவேலிக்குள் இருந்தான்.

1964-ஐ நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனத்துப்போகும். அந்த அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. யாரையும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே ‘ராமானுஜம்’ என்ற கப்பலை விட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டைக் கண்ணாலும் பார்த்திராத ஆயிரமாயிரம் குடும்பங்கள் அந்தக் கப்பலில்தான் ‘தாயகம் திரும்பினார்கள்’. போர் மூண்டதும் அதுவும் நின்றது. தாத்தா அதன் பிறகு கொழும்பைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பாஸ்போர்ட் இல்லாத ஒன்றரை நாள்

பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவிலிருந்து இலங்கை மண்ணை மிதிக்க இன்றைக்கும் ஒரு வழி இருக்கிறது. 1974 ஜூன் ஒப்பந்தத்தில் கச்சத்தீவை விட்டுக்கொடுத்தபோது, ஐந்தாவது பிரிவில் ஒரு வரி எழுதினார்கள். இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயணப் பத்திரமோ விசாவோ வேண்டியதில்லை என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு வருடமும் தவக்காலத்தில் அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிறோம். தீவு மொத்தமே 285 ஏக்கர்தான், குடிக்கத் தண்ணீர் கிடையாது, யாரும் குடியிருக்கவில்லை. வருடத்தில் அந்த ஒன்றரை நாள் மட்டும் இரண்டு கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ஆட்கள்.

பாஸ்போர்ட் வேண்டாம் என்றதும், சும்மா படகேறிப் போய்விடலாம் என்று நான் நினைத்திருந்தேன். தங்கச்சிமடத்தில் இருக்கும் என் பள்ளிக்கூட நண்பன்தான் எல்லாம் செய்தான். அவன் விசைப்படகு டிரைவர். ஒரு மாதத்துக்கு முன்பே பெயர் கொடுத்தோம். ஆதார் நகல், போட்டோ, காவல் நிலையத்தில் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று. எந்தப் படகில் யார் யார் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டார்கள். கிளம்புகிற அன்றைக்கு ராமேஸ்வரம் துறைமுகத்தில் சுங்கம் ஒரு பக்கம், கடலோரக் காவல் ஒரு பக்கம், மீன்வளத்துறை ஒரு பக்கம். பையைத் திறந்து பார்த்தார்கள். பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, டிக் அடித்தார்கள். உயிர்காக்கும் சட்டையை மாட்டிவிட்டு, படகில் எத்தனை தலை என்று எண்ணி எழுதினார்கள். மீன்பிடி வலை எதுவும் இல்லை என்று படகையும் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடல். எல்லைக்கோட்டருகே நம் கடலோரக் காவல்படைக் கப்பல் நின்றது, அதைத் தாண்டினால் அவர்களுடைய கடற்படை. தீவில் இறங்கியதும் மறுபடி பட்டியல், மறுபடி எண்ணிக்கை. இத்தனை சோதனையிலும் ஒருவர்கூட என்னை “ஏன் வந்தாய்?” என்று கேட்கவில்லை என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. திருவிழாவுக்கு வந்திருக்கிறோம், அது எல்லோருக்கும் தெரியும். வந்தவர் யார், திரும்பிப் போனாரா, அது மட்டும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அந்த ராத்திரியைப் பற்றி நிறைய எழுதலாம். சிலுவைப்பாதை, தேர்பவனி, மணலில் விரித்த தார்ப்பாய்கள். எங்கள் தார்ப்பாய்க்கு அடுத்ததில்தான் அந்த நெடுந்தீவுக் குடும்பம். அந்த அம்மா பையிலிருந்து ஒரு ராணி சந்தன சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். என் பாட்டியின் துணிப் பெட்டியில் தாத்தா கொண்டுவந்த அதே சோப்பின் உறை, வெறும் உறைதான், என் சின்ன வயது வரை கிடந்தது. உறையை மூக்கருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். “உடைச்சுக் கழுவத்தான் தந்தது, மணக்கிறதுக்கு இல்லை” என்று அவர் சிரித்தார். பதிலுக்குக் கொடுக்க என்னிடம் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைதான் இருந்தது. அதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். பெரியவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “1983-க்கு முன்னம் ராமேஸ்வரத்திலை இதைச் சாப்பிட்டனான். படம் பார்க்க வந்து” என்றார். காலையில் படகில் வந்து, படம் பார்த்து, மறுநாள் திரும்பினாராம். அவரை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

ஒரு தலை குறைந்தது

காலையில் கிளம்பும்போது எங்கள் படகில் ஒரு தலை குறைந்தது. பட்டியலோடு நின்ற இலங்கைக் கடற்படைப் பையன் இரண்டு முறை எண்ணினான். எங்கள் நண்பன் ஒரு முறை எண்ணினான். குறைகிறது. ஆள் யார் என்று பெயர் பெயராகப் பார்த்தால், பாம்பனிலிருந்து தனியாக வந்த எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. எங்கள் படகை நிறுத்தினார்கள், பின்னால் வரிசையும் நின்றது. வெயில் ஏறிவிட்டது. சிலர் முணுமுணுத்தார்கள், “ஒரு கிழவிக்காக எல்லாரையும் நிப்பாட்டுறதா?” என்று. அந்தப் பையனுக்குத் தமிழ் அவ்வளவு வராது. “அம்மா இல்லை, போக ஏலாது” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். வயர்லெஸ்ஸில் ஏதோ பேசினான். இரண்டு பேர் கோயில் பக்கம் ஓடினார்கள்.

அரைமணி நேரம் கழித்துப் பாட்டி வந்தார். பழைய கோயிலின் பின்புறம் நிழலில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போயிருக்கிறார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையை ஒரு சிங்களச் சிப்பாய் பிடித்திருந்தான். மணலில் கால் புதைய, அவர் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தான். படகேற்றும்போது தண்ணீரில் இறங்கி முட்டி நனைய நின்று, இடுப்பைத் தாங்கி ஏற்றிவிட்டான். பட்டியலில் டிக் விழுந்தது. பாட்டி அவன் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டார். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டான்.

இதையெல்லாம் நெடுந்தீவுப் பெரியவரும் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தீவுக்காரர் அதைப் பார்ப்பதென்றால் என்ன என்று எனக்கு அப்போது புரியவில்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போன குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகளும் பெண்களுமாகப் பலரை வெட்டிக் கொன்றார்கள். ஊர் மக்கள் கடற்படையினரைத்தான் குற்றம் சாட்டினார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த ஊர்க்காரர் ஒரு கடற்படைச் சிப்பாய் ஒரு தமிழ்க் கிழவியின் கையைப் பிடித்து நடத்திவருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் படகைப் பார்த்தார், அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வாயடைத்து நின்றதைப் பார்த்து அவரே தொடர்ந்தார். “சண்டைக் காலத்திலை எங்களுக்குக் கடலுக்குப் போறதெண்டால் பாஸ். எத்தினை மணிக்குப் போறாய், எத்தினை மணிக்கு வாறாய், எல்லாம் கணக்கு. அப்ப நாங்கள் கரையில இருந்து உங்கட போட்டுகளின்ர வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தனாங்கள். இப்ப பாஸ் இல்லை. ஆனால் திங்கள், புதன், சனி வலை விட ஏலாது. விட்டால் விடிய வலை இல்லை.” எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் அவை. கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் வாங்கோ தம்பி. அந்தோனியாரிட்டை வாறவையை ஆர் மறிக்கப் போகினம்? மடியை மட்டும் கொண்டு வரவேண்டாம்.”

படகில் திரும்பும்போது

திரும்பும் வழியில் நண்பனிடம் சொன்னேன். சுக்கானைப் பிடித்தபடி அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த ஆள் சொன்னது பொய்யில்ல” என்றான். “ஆனா நான் என்ன செய்யட்டும்? கரையோரம் நாட்டுப்படகுக்காரன் கடல், அங்க நான் மடி போட்டா சட்ட விரோதம். அதைத் தாண்டினா கொஞ்ச தூரம், அப்புறம் பாறை, அப்புறம் கோடு வந்துடுது. கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இறால். டீசலுக்கு வாங்கின கடனுக்கு வட்டி ஓடுது. நான் போகலேன்னா அடுத்தவன் போவான்.”

இந்த இடத்தில் என்னால் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை. விசைப்படகும் இழுவைமடியும் வானத்திலிருந்து விழவில்லை. 1950, 60-களில் அரசாங்கமே நார்வேக்காரர்களைக் கூட்டிவந்து கற்றுக்கொடுத்து, மானியம் கொடுத்து வளர்த்த தொழில். ஏற்றுமதிக்கு இறால் வேண்டியிருந்தது. 1976-இல் கடிதப் பரிமாற்றத்தில் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிக்கொண்ட அரசு, படகுகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் போர் வந்து வட இலங்கை மீனவர்களைக் கரையில் கட்டிப்போட்டது, இந்தப் பக்கம் கடல் காலியாக இருப்பதாகப் பழகிவிட்டோம். 2009-க்குப் பிறகு அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் இடத்தில் நாம் இருந்தோம். 2017-இல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது. 2024-இல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் கைதானார்கள். அந்த வருடம் ஜூனில் ஒரு படகைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைப் படகு மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். இரண்டு வீட்டிலும் இழவு.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது என்னவென்றால், குமுதினியை மறக்காத அந்தப் பெரியவர் இன்றைக்குத் தன் வலையைக் காப்பாற்ற அதே கடற்படையிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. யாரிடமிருந்து? தன் மொழி பேசுகிற, தன் சாமியைக் கும்பிடுகிற, தன் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய எங்களிடமிருந்து. ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடைதோறும் பேசும்போது இந்த மனிதரின் முகம் அதில் எங்கேயும் வருவதில்லை.

எதை மறிப்பது

பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல்படுகிறவனாக நான் இருந்தேன். அது தப்பு. இந்தக் கரைக்குக் காவல் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1991-இல் ராஜீவ் காந்தியைக் கொல்ல வந்தவர்கள் படகில்தான் வந்து இறங்கினார்கள். 2008-இல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் நடுக்கடலில் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுக்கு நிறம், கரையில் டோக்கன் எல்லாம் இறுகின. இலங்கைக்கு 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு இருக்கிறது. பயம் பொய்யில்லை.

ஆனால் கதவை அடைத்துவிட்டால் காவல் முடிந்தது என்று நினைப்பதில்தான் கோளாறு. 2020-இல் இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த மாதங்களில் எங்கள் கடற்கரையில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. சமையலறையில் கிடக்கிற மஞ்சளைக் கடத்தல் பொருளாக்கிவிட முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் கைக்குழந்தையோடு கிளம்பியவர்களுக்குக் கப்பலும் இல்லை, பாஸ்போர்ட்டுக்குப் பணமும் இல்லை. படகுக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடிந்த பிறகு கடலோரக் காவல்படைதான் மிதவை வாகனத்தில் போய்க் கூட்டிவந்தது. நேர்வழி இல்லாத இடத்தில் தரகன் இருப்பான். அவனிடம் பட்டியல் இருக்காது, ஒரு தலை குறைந்தால் திரும்பிப் பார்க்கவும் மாட்டான்.

மணிப்பூரில் மோரே என்று ஒரு ஊர் இருக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட தமிழர்களில் சிலர், இங்கே பிழைக்க வழியில்லாமல் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று அந்த எல்லை வரை போய், உள்ளே விடாததால் அங்கேயே குடியேறினார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் 16 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்றொரு ஏற்பாடு அங்கே இருந்தது. கலவரமும் ஆயுதமும் போதைப்பொருளும் காரணமாகக் காட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அதை நிறுத்துவதாக அறிவித்தது. பிறகு 10 கிலோமீட்டர் என்று சுருக்கி, அனுமதிச் சீட்டு, கைரேகை என்று வைத்தார்கள். பலருக்கு இதில் வருத்தம். சோதனை வந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கச்சத்தீவில் என்னை எட்டு முறையாவது எண்ணியிருப்பார்கள், ஒரு முறையும் எனக்கு அவமானமாகப் படவில்லை. சோதித்த பிறகு போக விடுகிறார்களா என்பதுதான் எனக்குக் கேள்வி.

அந்தப் பெரியவர் சொன்னதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். அவர் மறிக்கச் சொன்னது மடியை. நாம் இத்தனை வருடமாக மறித்துக்கொண்டிருப்பது ஆளை. முகாமில் பிறந்த பெண் தன் பாட்டி சாவுக்கு யாழ்ப்பாணம் போக முடியாது. சிறுவயதில் பிரிந்த அண்ணனைப் பார்க்க மன்னாரிலிருந்து ஒரு அக்கா வர வேண்டுமென்றால் பாஸ்போர்ட், விசா, விமானம் என்று ஆறு மாதச் சம்பளம் போய்விடும். ஆனால் இழுவைமடியோ வாரத்தில் மூன்று நாள் எந்தக் கடிதமும் இல்லாமல் போய்வருகிறது. தெரிந்த ஆள் திறந்த வழியில் போகட்டும், பட்டியல் போடட்டும், எண்ணட்டும், திரும்புகிற தேதியை எழுதிக்கொள்ளட்டும். மடியை மட்டும் கரையிலேயே நிறுத்த வேண்டும். அதை நிறுத்த வேண்டியது நடுக்கடலில் துப்பாக்கியோடு நிற்கிறவன் இல்லை. டீசல் மானியம் கொடுக்கிற, படகுக்குப் பதிவெண் கொடுக்கிற, என் நண்பன் கடனை அடைத்து வேறு தொழிலுக்கு மாற வழி செய்ய வேண்டிய நம் அரசாங்கங்கள். ஆழ்கடல் படகுத் திட்டம் என்று 2017-இல் ஒன்றைத் தொடங்கினார்கள். என் நண்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் பங்காகக் கட்ட வேண்டிய பணத்துக்கு வீட்டை விற்க வேண்டும். விட்டுவிட்டான்.

நெடுந்தீவில்

2025 மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘சிவகங்கை’ கப்பலில் போனேன். 2023 அக்டோபரில் ‘செரியபாணி’யை வைத்து ஆரம்பித்து, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, திரும்ப ஓடத் தொடங்கியிருந்த சேவை. நாலு மணி நேரம். எனக்குப் பக்கத்து இருக்கையில் திருச்சிப் பக்கத்து முகாம் ஒன்றில் தன் தங்கையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஒரு அம்மா இருந்தார். காங்கேசன்துறை வெளிச்சவீடு கண்ணில் பட்டதும் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் அழைக்க வரவில்லை, பஸ்ஸில் போய்விடுவேன் என்றார். அப்படி ஒரு சாதாரணப் பயணம், யாரும் அழாத பயணம், இந்தக் கடலில் எத்தனை வருடம் கழித்து!

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் போய், படகில் நெடுந்தீவு போனேன். பெரியவர் முற்றத்தில் நண்டு வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன் மடியில் மாட்டிப் போனதில் மிஞ்சிய பாதி. அறுந்த இடத்தைக் கையில் கொடுத்தார். ஒரே நேராக அறுந்திருக்கவில்லை. இழுத்து இழுத்து, கண்ணி ஒவ்வொன்றாக நீண்டு, நரம்பு வெளுத்து, கடைசியில் பிய்ந்திருந்தது. மிதவைக் கட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றில் அவருடைய பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருந்தார், யாருடைய வலை என்று தெரிந்தால் விலகிப் போவார்கள் என்று. நான் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது தமிழ் எழுத்து. இருட்டில் அதை வாசிக்கக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

அவர் மனைவி தேநீரும் அதே ராணி சோப்பு ஒரு டஜனும் தந்தார், அம்மாவுக்கென்று. பெரியவர் என் நண்பனைப் பற்றி விசாரித்தார். அவன் வட்டிக் கணக்கைச் சொன்னேன். “பாவம்” என்றார். உண்மையாகவே சொன்னார். “அவன்ட பெடியளைப் படிப்பிக்கச் சொல்லுங்கோ. கடலுக்கு விட வேண்டாம்.” இதை அப்படியே நண்பனிடம் சொன்னேன். அவன் மூத்த மகன் ஐடிஐ சேர்ந்திருக்கிறான். நண்பன் இன்னும் திங்கட்கிழமை கடலுக்குப் போகிறான், எங்கே போகிறான் என்று நான் கேட்பதில்லை. ஒருமுறை அவனாகவே சொன்னான், சிவப்பு எழுத்துப் போட்ட மிதவையைக் கண்டால் படகைத் திருப்பிவிடுவதாக.

ஏப்ரல் 15-ஆம் தேதி நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மறுநாள் காலை பெரியவரிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி. பின்னால் சேவல் கூவுவதும் யாரோ பாத்திரம் கழுவுவதும் கேட்டது.

“தம்பி, உங்கட தடைக்காலம் துவங்கிட்டுது எல்லே. ராத்திரி வலையைக் கடல்ல விட்டிட்டு வந்து நல்லாப் படுத்தனான். விடிய ஆறு மணி மட்டும் முழிப்பு வரேல்லை. மனுசிதான் எழுப்பினவ.”